எந்தப் பந்து வாங்குவது? முதலில் தரையைப் பாருங்கள்

கண்மாய்க்குள் பத்து ஓவர் டோர்னமெண்ட் நடத்துகிறோம். சாஃப்ட் டென்னிஸ் பந்தா, ஹார்ட் டென்னிஸ் பந்தா? (உசிலம்பட்டி)

உங்கள் பக்கம் கரிசல். பங்குனி, சித்திரையில் காய்ந்து இறுகினால் சிமென்ட் தரை மாதிரி ஆகிவிடும், போதாததற்கு வெடிப்பு வேறு. அதில் ஹார்ட் டென்னிஸ் பந்து குத்தினால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. முகத்தில் பட்டால் காயம் நிச்சயம். சாதாரண டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம்தான் இருக்கும், ஹார்ட் டென்னிஸ் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனத்தில்கூடக் கிடைக்கிறது. ஆகவே பிட்ச் போடும் இடத்தை மட்டுமாவது தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, வெடிப்பை அடைத்துச் சமப்படுத்த முடியும் என்றால் ஹார்ட் போங்கள், காற்றடித்தாலும் பந்து திசை மாறாது, பவுலருக்கும் கொஞ்சம் மரியாதை இருக்கும். முடியாது என்றால் சாஃப்ட்தான் சரி.

கடையில் பெட்டியைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். இரண்டு மூன்று பந்தை எடுத்து, தோள் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் ஒரே நேரத்தில் விட்டுப் பாருங்கள், எல்லாம் ஒரே உயரத்துக்கு எழ வேண்டும். ஒன்று மந்தமாக எழுந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். அப்புறம், எந்தப் பந்து என்பதை வருகிற டீம்களுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். சாஃப்ட்டில் பழகியவன் ஹார்ட் பந்துக்குத் தாமதமாகத்தான் மட்டையைச் சுழற்றுவான், அது ஆட்டமே இல்லை.

மகனுக்கு 11 வயது. கோச்சிங்கில் சேர்த்திருக்கிறேன். பெரியவர்கள் ஆடும் லெதர் பந்தே வாங்கலாமா? (அண்ணா நகர், மதுரை)

வேண்டாம். பெரியவர்களுக்கான பந்து ஏறக்குறைய 156 முதல் 163 கிராம். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்றே 133 முதல் 144 கிராமில் தனிப் பந்து இருக்கிறது, சுற்றளவும் குறைவு. சின்னக் கைக்குப் பெரிய பந்து கொடுத்தால் விரல் சீமில் (பந்தின் நடுத் தையலில்) உட்காராது, பிள்ளை உள்ளங்கையில் அமுக்கிப் போடப் பழகிவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும் பாடு.

எங்கள் கல்லூரிப் பெண்கள் அணிக்கும் அதே பந்துதானா? (திருமங்கலம்)

இல்லை. பெண்கள் கிரிக்கெட்டுக்கு 140 முதல் 151 கிராம். கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள், எடை என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

சிமென்ட் பிட்சில் கயிற்று மேட் விரித்து ஆடுகிறோம். விலை கூடிய நான்கு துண்டுப் பந்து சீக்கிரமே தேய்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்? (மேலூர்)

பந்தைக் குறை சொல்லாதீர்கள், தேங்காய் நார் மேட் தோலை உரித்துவிடும். நெட் பிராக்டிஸுக்கு இரண்டு துண்டுப் பந்து போதும். அதில் ஒவ்வொரு பாதிக்கும் ஒரே தோல்தான். நான்கு துண்டில் ஒவ்வொரு பாதியும் இரண்டு தோலை உள்ளே இணைத்துத் தைத்தது, அதனால் உருண்டை வடிவம் அதிக நேரம் நிற்கும். அதை மேட்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேட்சுக்கு இரண்டு நாள் முன்பாவது நெட்டிலும் நல்ல பந்து எடுங்கள், இல்லாவிட்டால் பவுலருக்குக் கை பிடிபடாது.

எந்த பிராண்ட் என்றும் கேட்டிருந்தீர்கள். மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையில் ஆடும் கனவு இருக்கிற பையன்கள் எஸ்ஜி பந்திலேயே பழகட்டும், ரஞ்சியிலும் இந்தியாவில் நடக்கும் டெஸ்டிலும் அதுதான். ஆறு வரிசைத் தையலும் கையால் போட்டது, சீம் எழும்பி நிற்கும், ஸ்பின்னருக்கு விரல் நன்றாகப் பிடிக்கும். கூக்கபுரா பிராண்ட் பந்தில் நடு இரண்டு வரிசை மட்டும் கைத்தையல், மற்றவை மெஷின். சீம் சீக்கிரம் அமுங்கிவிடும்.

ஐப்பசி மழையில் நனைந்த பந்தை வெயிலில் காயவைக்கலாமா? (வாடிப்பட்டி)

கூடாது. அடுப்புப் பக்கமும் வேண்டாம். தோல் விறைத்து வெடிக்கும். துணியால் ஒற்றி, நிழலில், காற்றுப்படும் இடத்தில் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தையல் உப்பியிருந்தால் அது இனி பிராக்டிஸ் பந்துதான்.

கார்க் பந்து மலிவாகக் கிடைக்கிறது. காலுக்குப் பேட் கட்டாமல் ஆற்றுக்குள் ஆடலாமா? (சோழவந்தான்)

ஆடவே ஆடாதீர்கள். மேலே தோல் இல்லாத அந்தக் கார்க் பந்து கல் மாதிரி. வைகை மணலில் தாழ்ந்து வந்தால் கணுக்கால், கல்லில் பட்டு எகிறினால் பல். பந்தில் மிச்சம் பிடித்த காசு ஒரு எக்ஸ்ரேக்குக்கூடக் காணாது. கையில் இருக்கிற பணத்தில் இப்போதைக்கு டென்னிஸ் பந்து வாங்குங்கள். ஆள் ஆளுக்குப் பணம் போட்டு ஹெல்மெட் 2, அடிவயிற்றுக் கார்டு 2, கால் பேட் 2 ஜோடி, கீப்பருக்கு கிளவுஸ் என்று டீமுக்குப் பொதுவாகச் சேர்ந்த பிறகு நேராக லெதர் பந்துக்கே போய்விடலாம், கார்க் பந்து நடுவில் தேவையே இல்லை.