சீட்டுல எழுதுனது யாரு சார்?

கேள்வி: எங்க ஆபீஸ் ஃபேமிலி டேக்கு ஒரு மெண்டலிஸ்ட், அதான் மனசுல நெனைக்கறதச் சொல்ற வித்தைக்காரர், வந்தாரு. இருநூறு பேர் முன்னாடி என்னை மேடைக்குக் கூப்பிட்டு, ஸ்கூல்ல எனக்குப் புடிச்ச பொண்ணு பேர சொல்லிட்டாரு! யார்கிட்டயும் சொன்னதே இல்ல, ஷோவுக்கு முன்னாடி மனசுல நல்லா பதியணும்னு ஒரு சீட்டுல எழுதச் சொன்னாரு, அவ்ளோதான். மந்திரம் இல்ல, வெறும் சைக்காலஜி, பாடி லாங்வேஜ்ங்கறாரு. 2 நாள் கோர்ஸ் நடத்துறாராம், 15,000 ரூபா. சேரலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: யார்கிட்டயும் சொன்னதில்லங்கறீங்க, அதே மூச்சுல சீட்டுல எழுதுனேங்கறீங்க. எழுதுன பேடு யாரோடது? மடிச்ச சீட்டு கடைசி வரைக்கும் உங்க பாக்கெட்லயே இருந்துச்சா, இல்ல 'இனி இது உங்க மனசுல மட்டும்தான் இருக்கு'ன்னு சொல்லி அவரே வாங்கிக் கிழிச்சுப் போட்டாரா? ஞாபகம் இருக்காது, இருக்கக் கூடாதுன்னுதான் மனுஷன் அந்த நேரம் பாத்து ஜோக்கு சொல்லி சிரிக்க வச்சிருப்பாரு. தொழில்ல இதுக்குப் பேரு ப்ரீ-ஷோ, பாதி வேல நீங்க ஹால் வாசல்ல காபி குடிக்கறப்பவே முடிஞ்சிருக்கும். கீழ உக்காந்து கைதட்டுன இருநூறு பேருக்கு சீட்டு எழுதுன கதையே தெரியாது.

அமெரிக்காவுல பீட்டர் பொபாஃப்னு ஒரு போதகர், கூட்டத்துல முன்னபின்ன தெரியாதவங்க பேரு, நோயி, வீட்டு அட்ரஸ் வரைக்கும் ஆண்டவர் சொன்னாருன்னு சொல்லிட்டு இருந்தாரு. 1986ல ஜேம்ஸ் ராண்டிங்கற மேஜிக்காரரோட ஆளுங்க ரேடியோ ஸ்கேனர் வச்சு ஒட்டுக் கேட்டா, 39.17 மெகாஹெர்ட்ஸ்ல பேசுனது ஆண்டவர் இல்ல, போதகரோட சம்சாரம். ஜனங்க எழுதிக் குடுத்த ப்ரேயர் கார்ட அந்தம்மா படிக்க, இவரு காதுல இருந்த குட்டி ரிசீவர்ல கேட்டுக் கேட்டு அருள்வாக்கு குடுத்திருக்காரு. உங்காளு அந்த மாதிரி மோசடிப் பேர்வழி இல்ல, பொழுதுபோக்குதான், ஒத்துக்கறேன். ஆனா சீட்டு அதே சீட்டு.

எனக்கு எரிச்சலே அந்த 'பாடி லாங்வேஜ்'லதான். அதுவும் ஸ்கிரிப்ட்டுல இருக்கற வசனம்தான் சார். மந்திரம்னா படிச்ச ஜனம் சிரிக்கும், சைக்காலஜின்னா நோட்ஸ் எடுக்கும். ஒடம்ப வச்சுக் கண்டுபுடிக்கற வித்தை இல்லாம இல்ல, 1880கள்ல லண்டன்ல ஸ்டூவர்ட் கம்பர்லாண்ட்னு ஒருத்தர், பொருள ஒளிச்சு வச்சவர் கையப் புடிச்சுக்கிட்டே போயி எடுத்துருவாரு, கிட்ட போகப் போக அந்தக் கை தன்னை அறியாம காட்டிக் குடுக்கும். சரி, குண்டூசி எந்தப் பக்கம்னு கை சொல்லும். சுமதியா சுகந்தியான்னு எந்தப் புருவம் சொல்லும்?

சைக்காலஜின்னு சொல்லிக்கற ஒண்ணு வேணா இருக்கு, நேத்து எங்க ஆபீஸ்லயே செஞ்சு பாத்தேன். '1க்கும் 50க்கும் நடுவுல ஒரு நம்பர், ரெண்டு இலக்கமும் ஒத்தப்படை, ரெண்டும் வேற வேறயா இருக்கணும், 15 மாதிரி'. கேக்க என்னவோ அம்பது நம்பர் மாதிரி இருக்கும், எண்ணிப் பாத்தா எட்டுதான் தேறும், 15ஐ நானே சொல்லிட்டதால யாரும் எடுக்க மாட்டாங்க. நிறைய பேரு 37க்குத்தான் வருவாங்க. லேஅவுட் தம்பி 35னான். நான் பேப்பர்ல 35னு எழுதி அடிச்சுட்டு பக்கத்துல 37 போட்டு வச்சிருந்தேன், 'மொதல்ல அதத்தாம்பா எழுதுனேன், நீ கடைசி நிமிஷத்துல மனச மாத்திட்ட'ன்னேன். வாயப் பொளந்துட்டான். தப்பு நடந்தா சமாளிக்கவும் ஸ்கிரிப்ட்டுலயே இடம் இருக்கு, கவனிச்சீங்களா?

கோர்ஸ்ல இதச் சொல்லித் தருவாங்கன்னா போங்க, ஆனா 2 நாள்ல வராது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுல நானும் என் சித்தப்பா பையனும் ஞானதிருஷ்டி ஆட்டம் போட்டோம், அவன் கண்ணக் கட்டிக்கிட்டு நிப்பான், கூட்டத்துல நீட்டுற பொருள பாத்து நான் கேப்பேன். 'சொல்லு'ன்னா வாட்ச், 'சட்டுனு சொல்லு'ன்னா மோதிரம், 'யோசிச்சு சொல்லு'ன்னா சீப்பு, இப்படி முப்பது வார்த்தை ரெண்டு மாசம் மனப்பாடம். விழா அன்னிக்கு ஹெட்மாஸ்டர் பாக்கெட்லேர்ந்து சீப்ப எடுத்து நீட்டுனாரு, நான் பதட்டத்துல 'சட்டுனு சொல்லு'ன்னுட்டேன், அவன் கணீர்னு 'மோதிரம்'னான். அவரு தலையில முடியே கிடையாது, சீப்பு எதுக்கு வச்சிருந்தாருன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல, கூட்டம் அதுக்குத்தான் சிரிச்சுது.

சிங்கப்பூர் சாங்கி போர்க்கைதி முகாம்ல மனசப் படிக்கற வித்தைய வளத்துக்கிட்ட ஆஸ்திரேலியர் சிட்னி பிடிங்டன், 1949ல பொண்டாட்டியோட பிபிசி ரேடியோவுல பிரிட்டனையே அசத்துனாரு. டெலிபதியா, ட்ரிக்கா, சைக்காலஜியான்னு ஒண்ணும் விளக்கல, நீங்களே தீர்ப்பு சொல்லுங்கன்னு விட்டுட்டாரு. அந்த நாகரிகம் உங்காளுக்கு இல்ல, பொய்க்காரணம் சொல்லி அதுக்கு ஃபீஸும் கேக்கறாரு.

அப்புறம் ஒண்ணு, மேல சுமதி சுகந்தின்னு நான் சும்மா போடல. உங்க லெட்டர்ல மூணாவது வரியில ஒரு பேர எழுதிட்டு பேனாவால அடிச்சிருக்கீங்க, டியூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சா நல்லாவே தெரியுது. அடுத்த தடவை டைப் பண்ணி அனுப்புங்க.