கேள்வி நேரம்: குலைநோய்க்கு மூன்று நிமிடம்

கேள்வி: நெல் குலைநோய்ப் பூஞ்சையில் பிஎச்.டி. செய்கிறேன், நாலாவது வருடம். எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி வருகிறது. ஒரே ஒரு ஸ்லைடுதான். கேட்கப்போகிறவர்கள் எல்லாத் துறைக்காரர்களும். நான் எழுதியது பதினோரு நிமிடம் ஓடுகிறது. எதை வெட்டுவது சார்?
– ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் அனுப்பிய தாள்களைக் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு சத்தமாகவே படித்தேனம்மா. 'உலகில் பாதிப் பேருக்கு அரிசிதான் சாப்பாடு' என்று தொடங்கி, பசுமைப் புரட்சியைக் கடந்து, பூஞ்சையின் லத்தீன் பெயருக்கு வந்து மூச்சு வாங்கும்போதே மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. பூஞ்சை இன்னும் இலைமேல் விழவே இல்லை!

வெட்ட வேண்டாம். அதை அப்படியே மூடி வைத்துவிட்டு, நாலாம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலிருந்து புதிதாக ஆரம்பியுங்கள். இலைமேல் விழுந்த பூஞ்சை வித்து முளைத்து, நுனியில் ஒரு குமிழ் கட்டுகிறது. அதற்குள் அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறுகிறது. பொருளாதாரத் துறைக்காரருக்கு மெகாபாஸ்கல் என்ன தெரியும்? கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நாற்பது மடங்கு என்று சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவார். வெறும் கண்ணுக்குத் தெரியாத குமிழ் அந்த அழுத்தத்தை வைத்துத்தான் இலைத்தோலைக் குத்தித் துளைக்கிறது. அழுத்தம் கசிந்துபோகாமல் குமிழின் சுவரைக் காப்பது மெலனின். நம் தலைமுடிக்குக் கறுப்பு கொடுக்கிற குடும்பத்தைச் சேர்ந்த சரக்கு. விவசாயி அடிக்கும் டிரைசைக்ளசோல் மருந்து அந்த மெலனினை உருவாக விடாமல் தடுக்கிறது. டயர் பஞ்சர்! மருந்தே இல்லாமல் அதே பஞ்சரைப் போட முடியுமா என்பதுதானே உங்கள் நாலு வருட வேலை? இதுவரைக்கும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். மீதி ஒரு நிமிடத்தில் நீங்கள் செய்த சோதனைகளில் ஒன்றே ஒன்று. ஒன்பது மரபணுப் பெயர்களும் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு இருக்கட்டும்.

'அப்ரெசோரியம்' என்று சொல்லாவிட்டால் கைடு கோபித்துக்கொள்வார் என்கிறீர்கள். குமிழ் என்றே சொல்லுங்கள், அவர் கோபம் ஒரு வாரம் தாங்காது. நானே ஒரு கிராமத்தில் அரை மணி நேரம் 'நோய்க்காரணி, நோய்க்காரணி' என்று முழங்கியிருக்கிறேன். முடித்ததும் முன்வரிசைப் பாட்டி கேட்டார்: "அது புழுவா தம்பி, பூச்சியா?"

ஸ்லைடில் வரைபடம் வேண்டாம். நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாக, கண் வடிவத்தில் புள்ளி விழுந்த ஒரே ஒரு இலையின் படம் போதும். நோய் விழுந்த இலையையே வயலிலிருந்து பறித்து வந்து காட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. இந்தப் போட்டியின் மூல விதிப்படி கையில் பொருள் எதுவும் இருக்கக் கூடாது, ஸ்லைடு அசையக் கூடாது, பாட்டு, கவிதைக்கும் இடமில்லை. பேச்சோ அசைவோ, உரையை எதில் தொடங்கினாலும் அந்த நொடியே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் போட்டியிலேயே இல்லை. அதனால் 2 நிமிடம் 45 நொடியில் முடிகிற மாதிரி எழுதுங்கள். என் வேகத்துக்கு அது சுமார் 260 சொல் வருகிறது. நீங்கள் கொஞ்சம் படபடப்பாகப் பேசுவீர்கள் என்று கையெழுத்தே சொல்கிறது, இருந்தாலும் கூட்டாதீர்கள்.

கேள்வி: ஆய்வுரைப் போட்டிக்கு அது என்ன கணக்கு, மூன்று நிமிடம்? ஐந்து என்று வைத்தால் குடியா முழுகிவிடும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: குளியலறைக் கணக்கு ஐயா. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கடும் வறட்சி. தண்ணீரை மிச்சப்படுத்த, முட்டை வேகவைக்கும் மூன்று நிமிடக் கடிகாரத்தைக் குளியலறைச் சுவரில் மாட்டிவைத்துக் குளித்தார்கள். அதைப் பார்த்துத்தான் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் லாசனுக்கு யோசனை வந்தது. 2008-இல் போட்டி தொடங்கியது. 80,000 சொல் ஆய்வேட்டை மேடையில் சொல்லி முடிக்க ஒன்பது மணி நேரம் ஆகும் என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். அத்தனை நேரம் குழாயைத் திறந்து வைத்தால் தஞ்சாவூர்க்காரர் நீங்களே சும்மா விடுவீர்களா?