குடல் பாக்டீரியாவும் மூளைக் கட்டியும்

கேள்வி: என் தம்பிக்கு கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கதிர்வீச்சும் டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மருந்தும் நடக்கிறது. குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் எதிர்ப்புச்சக்தி கூடும் என்று புரோபயாடிக் மாத்திரை, அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரை, வாங்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். மூளையைக் காவல் காக்கும் செல்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் இவை முதிர்ச்சி அடையாமலே கிடந்தன. குடிநீரில் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைக் கலந்து கொடுத்ததும் தேறின. 2015ல் வந்த ஆய்வு இது. நாம் சாப்பிடும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து இந்த அமிலங்களைத் தயாரிப்பது குடல் பாக்டீரியாதான்.

ஆனால் அது எலி. உணவை மாற்றி மனிதர்களின் கிளையோபிளாஸ்டோமாவைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு நிரூபணம் இல்லை. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களிடம் செய்த 2021 ஆய்விலும் நார்ச்சத்து நிறையச் சாப்பிட்டவர்களுக்குத்தான் இம்யூனோதெரபி, அதாவது எதிர்ப்புச்சக்தியைத் தூண்டும் சிகிச்சை, நன்றாக வேலை செய்தது. புரோபயாடிக்கால் அந்தப் பலன் தெரியவில்லை.

டெமோசோலோமைடு வெள்ளணுக்களைக் குறைக்கும். மூளை வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுத்தால் எதிர்ப்புச்சக்தி இன்னும் இறங்கும். அந்த நேரத்தில் உயிருள்ள பாக்டீரியா அபூர்வமாக ரத்தத்திலேயே கலந்துவிடலாம். எனக்கு அந்தப் பயம்தான். மாத்திரை டப்பாவைக் கையோடு எடுத்துப்போய் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், மீந்த ஆன்டிபயாடிக்கை நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பசி இருக்கும் நாட்களில் நன்றாக வேகவைத்த காய்கறி, பயறு, முழுத்தானியம் கொடுங்கள்.