மேஜர் என்று சொல்லிக்கொண்டு வருபவர்

அன்புள்ள அக்கா,

எங்கள் ஒழுங்கைக்குச் சில மாதங்களாக ஒருவர் வந்துபோகிறார். இராணுவப் புலனாய்வில் மேஜர் என்கிறார். சலூனில் கதைக்கும்போது சார்ஜன்ட் என்றாராம். சிங்களமும் தமிழும் நன்றாக வருகிறது. எந்த ரெஜிமென்ட் என்று கேட்டேன், கோபத்தோடு எழும்பிப் போய்விட்டார். கொழும்பிலிருக்கும் என் மச்சானுக்குப் படம் அனுப்பினேன். அது ஆமிச் சப்பாத்தே இல்லை என்கிறான். 2008 இல் மகன் காணாமல் போன ஒரு அம்மா இவருக்குக் காசு கொடுத்துவருகிறார். மகனின் ஃபைலைத் தேடிப் பார்க்கிறாராம். இத்தனை வருடம் கழித்தும் இப்படி ஏமாளிகளாக இருக்கிறார்களே! படத்தை முகநூலில் போட்டு ஆளை அம்பலப்படுத்தலாமா? இப்படியானவர்களை வைத்து யாராவது கதை எழுதியிருக்கிறார்களா? உங்கள் கடைசிக் கட்டுரை கொஞ்சம் நீளம்.

வாசகர், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

கட்டுரை நீளம்தான். கதைகளைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். சப்பாத்து ஆராய்ச்சியை மச்சானோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவை ஏமாளி என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறமுதல்தான் இதை எழுதுகிறேன்.

2025 இல் செம்மணிப் பக்கம், சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழியைத் தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு என் சின்னம்மாவின் நினைப்புத்தான். 1999 இல் செம்மணியில் 15 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். இந்த முறை 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், குழந்தைகளினதும் சேர்த்து. சின்னம்மா இதைப் பார்க்க இல்லை.

1996 யூலையில் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் குண்டு வெடித்தது. அதற்குப் பிந்திய மாதங்களில் குடாநாட்டில் இராணுவத்திடம் பிடிபட்டுப் போன பெடியள் நூற்றுக்கணக்கில் வீடு திரும்பவில்லை. சின்னம்மாவின் மகனும் அப்படித்தான் போனான். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு மறுமொழி பார்த்துக்கொண்டிருந்தவன். சில மாதம் கழித்துப் படலையடியில் ஒருவர் வந்து நின்றார். மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட், கட்டையாக வெட்டிய தலைமயிர். முகாமில் வேலை என்றார். என்ன வேலை என்று அவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. மகனுக்கு உடம்பில் ஏதும் அடையாளம் இருக்கிறதா என்று விசாரித்தார். சைக்கிளால் விழுந்த தழும்பு முழங்காலில் இருக்கு என்றார் சின்னம்மா. அடுத்த கிழமை வந்து, "முழங்காலில தழும்புள்ள பெடியன் ஒருத்தன் அங்க இருக்கிறான்" என்றார் அவர். இவ்வளவுதான் அவர்களின் வித்தை. நம் வாயிலிருந்து எடுத்ததை ஒரு கிழமை வைத்திருந்து நமக்கே விற்பது. சங்கிலி போனது. பிறகு ஒரு காப்பு.

ஒருநாள் சின்னம்மா, "சாப்பிடுறானோ?" என்று கேட்டார். "சாப்பிடுறார். கத்தரிக்காய் மட்டும் தொடமாட்டாராம்" என்றார் அந்த ஆள். அவனோ கத்தரிக்காய்ப் பொரியல் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவன். சித்தப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். சின்னம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், மற்றக் காப்பையும் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். ஆள் போனபிறகு சித்தப்பா கத்தினார். "பொய்யெண்டு எனக்கும் விளங்கினதுதான். அவன்ர பேரைச் சொல்லிக்கொண்டு வேற ஆர் இந்தப் படலையைத் திறந்து வருகினம்?" என்றார் சின்னம்மா.

அந்த அம்மாவும் அப்படியே நினைக்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டீர்களா? வந்த ஆளிடம் ரெஜிமென்ட் விசாரித்தீர்கள், மச்சானிடம் சப்பாத்து விசாரித்தீர்கள், எனக்குக் கடிதம் எழுதினீர்கள். அதே ஒழுங்கையில் இருக்கிற மனுசியோடு போய் இருந்து கதைக்க உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018 இல் வேலை தொடங்கியது. கிளிநொச்சியில் அம்மாக்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 பெப்ரவரியில் வீதியோரம் போராட்டம் இருக்கத் தொடங்கியவர்கள். எத்தனை படிவம் நிரப்பினாலும் உன் பிள்ளைக்கு இதுதான் நடந்தது என்று ஒருவரும் சொல்லாத இடத்தில், ஃபைல் பார்க்கிறேன் என்று ஒருவன் வந்து சொன்னால் எந்தத் தாய் கதவைச் சாத்துவாள்?

இன்னொன்றையும் யோசியுங்கள். பொய் ஆமி ஒருவனுக்கு நம் ஊரில் சீருடை ஏன் தேவைப்படுவதில்லை? உண்மையானவர்களும் அது இல்லாமல்தான் வந்தார்கள். சுற்றிவளைப்பில் வரிசையாக நடத்திக் கொண்டுபோய்த் தலையாட்டிக்கு, அதாவது சாக்கால் முகத்தை மூடி ஆளைக் காட்டிக்கொடுக்க இருத்தப்பட்டவனுக்கு முன்னால் நிறுத்துவார்கள். சாக்குக்குள் இருப்பது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தலை அசைந்தால் ஆள் போய்விடும். பிறகு வெள்ளை வான் வந்தது, இலக்கத்தகடு இல்லாமல். இறங்குகிறவர்கள் சிவில் உடுப்போடு இறங்குவார்கள். பெயர் இல்லை, பதவி இல்லை, எந்த முகாம் என்று இல்லை. 2006 ஓகஸ்டில் குடாநாட்டை வெளியோடு இணைத்த முகமாலைப் பாதை மூடுண்ட பிறகு, உயிருக்குப் பயந்த பெடியள் தாங்களாகவே மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் போய்ச் சரணடைந்தார்கள். பாதுகாப்புக்காக அவர்களை யாழ்ப்பாணச் சிறையில் வைத்தார்கள். அந்த நாட்களில், வீட்டு வாசலில் நின்ற ஒருவனிடம் ஐசியை, அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்கக்கூடிய தகப்பன் இருந்தானா?

இத்தனைக்கும் விதி இருந்தது. கைது செய்கிறவர் தன் பெயரையும் பதவியையும் கைதாகிறவருக்கோ உறவினருக்கோ சொல்லவேண்டும் என்று 1997 இல் ஜனாதிபதி பணிப்புரை வந்தது. 2006 இல் திரும்பவும் வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால விதிகளின் கீழோ ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என்று அந்த ஆணைக்குழுவை அமைத்த 1996 ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. பெயரைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். அந்த ஒன்றை ஒழுங்காகச் செய்திருந்தால், பெயர் சொல்லாமல் வருகிறவன் பொய்யன் என்று ஊரே கண்டுகொண்டிருக்கும். செய்யவில்லை. அதனால்தான் உண்மையானவனும் கள்ளனும் நம் படலையில் ஒரே மாதிரி நிற்கிறார்கள். போர் முடிந்து இத்தனை வருடமாகியும், கார்த்திகை மாத நினைவேந்தலுக்கு யார் யார் வந்தது என்று விசாரிக்க வருகிறவர்களிடம் "நீங்கள் ஆர், எங்க இருந்து வாறியள்?" என்று கேட்க நமக்கு வாய் வருவதில்லை. நீங்கள் கேட்டீர்கள். அதற்காக உங்களை மெச்சுகிறேன், மனதாரச் சொல்கிறேன். நான் உங்கள் வயதில் கேட்டிருக்கமாட்டேன்.

ஆனால் கேட்கவேண்டிய கேள்வி ரெஜிமென்ட் இல்லை. ஆள் உண்மையான மேஜராகவே இருக்கட்டும். காணாமல் போனவனின் தாயிடம் ஃபைல் பார்க்கக் காசு வாங்கினால் அது இலஞ்சம். மேஜர் இல்லையென்றால் ஆள்மாறாட்டம், மோசடி. இரண்டும் குற்றம். அவர் யார் என்று கண்டுபிடிப்பது பொலிஸின் வேலை, உங்களுடையது இல்லை.

முகநூலில் போடவே கூடாது. நாளைக்கு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பகிர்வார்கள், அந்த அம்மாவின் வீடு எது என்று ஊர் கண்டுபிடிக்கும், அவரைப் பார்த்துச் சிரிக்கும். உங்கள் சந்தேகம் பிழையென்றால் ஒரு அப்பாவி அடிவாங்குவான். சரியென்றால் ஆள் ஊர் மாறி இன்னொரு தாயிடம் போவான்.

முதலில் அந்த அம்மாவிடம் போங்கள். மகனைப் பற்றிக் கேளுங்கள், காசைப் பற்றிப் பிறகு. அவர் சம்மதித்தால் கொடுத்த திகதி, தொகை, வந்த தொலைபேசி இலக்கம், மோட்டார் சைக்கிள் இலக்கம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பொலிஸுக்குப் போகப் பயமென்றால் யாழ்ப்பாணத்திலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களின் அவசர இலக்கம் 1996. இலஞ்சம் பற்றிய முறைப்பாட்டுக்கு 1954. அந்தப் படத்தை அழிக்கவேண்டாம், முறைப்பாட்டுக்குத் தேவைப்படும். ஆனால் இனி ஒருவருக்கும் அனுப்பாதீர்கள், மச்சானையும் அழிக்கச் சொல்லுங்கள். அவர் முறைப்பாடு வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் வாருங்கள். ஒரு கிழமை விட்டு மறுபடி போங்கள்.

அன்புடன்,
அக்கா