இத்தாலிய உணவக மேசையில்: கேள்வி பதில்

மெனுவில் ஆன்டிபாஸ்டி, ப்ரிமி, செகோந்தி, கொந்தோர்னி, தோல்ச்சி என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றிலும் ஒன்று சொல்லியே ஆகணுமா?

வேண்டியதில்லை. முதலில் கொறிப்பது ஆன்டிபாஸ்டி. பாஸ்தா, ரிசோட்டோ, சூப் எல்லாம் ப்ரிமி. மீனும் இறைச்சியும் செகோந்தி, இனிப்பு தோல்ச்சி. சறுக்கும் இடம் கொந்தோர்னிதான். செகோந்தித் தட்டில் பெரும்பாலும் மீனோ இறைச்சியோ மட்டும் வரும். கூடவே உருளைக்கிழங்கோ கீரையோ வேண்டுமென்றால் கொந்தோர்னியிலிருந்து தனியாகச் சொல்லணும், பில்லிலும் தனியாகத்தான் ஏறும்.

இரண்டு பேர் என்றால் நடுவில் ஒரு ஆன்டிபாஸ்டி, ஆளுக்கொரு ப்ரிமி போதும். இத்தாலியில் ஒருவருக்கு உலர் பாஸ்தா 80 முதல் 100 கிராம்தான் கணக்கு. வெந்ததும் எடை இரண்டு மடங்கைத் தாண்டும். செகோந்தியும் வேண்டுமென்றால் ஒரு பாஸ்தாவை இரண்டு தட்டில் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னால் சமையலறையிலேயே சூடாகப் பிரித்துவிடுவார்கள். மேசையில் வைத்துப் பிரித்தால் பாதி ஆறிவிடும்.

கார்போனாரா கேட்டேன். முட்டைப் பொரியலில் நூடுல்ஸைப் பிரட்டிய மாதிரி வந்தது. அப்படித்தான் இருக்குமா?

இருக்காது. திருப்பி அனுப்பியிருக்கலாம், தப்பே இல்லை.

கார்போனாராவில் இருப்பது முட்டை (பல இடங்களில் மஞ்சள்கரு மட்டும்), பெகோரினோ ரோமானோ சீஸ், மிளகு, குவான்சாலே என்கிற பன்றிக் கன்ன இறைச்சி. முறைப்படி கிரீம் கிடையாது. அந்த வழவழப்பு முட்டை பாதி இறுகிய நிலையில் நிற்பதால் வருவது. மஞ்சள்கரு சுமார் 65 டிகிரி செல்சியஸில் கெட்டியாகத் தொடங்கி, 70ஐத் தொட்டால் கட்டியாகிவிடும். கைக்கு எட்டுவது அந்த ஐந்து டிகிரி இடைவெளிதான். அதனால் வாணலியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே கலவையை ஊற்றி, பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறணும். நெரிசலான நேரத்தில் அடுப்பு மேலேயே ஊற்றிவிட்டால் உங்களுக்கு வந்ததுதான் வரும்.

சரியான தட்டைச் சாய்த்தால் சாஸ் மெதுவாக நகரும். பத்து நிமிஷம் கழித்தும் வெள்ளையாக, கெட்டிப்படாமல் அப்படியே இருந்தால் கிரீம் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். பிடித்திருந்தால் சாப்பிடுங்கள், ஆனால் அது வேறு பண்டம். நல்ல கார்போனாரா தட்டிலேயே இறுகிக்கொண்டு போகும், ஐந்து நிமிஷத்துக்குள் முடித்துவிடணும். போட்டோ ஒன்று போதும்.

காச்சியோ எ பெப்பே (சீஸும் மிளகும் சேர்த்த பாஸ்தா) கேட்டேன், சீஸ் ரப்பர் உருண்டையாகத் திரண்டிருந்தது. பழைய சீஸா?

சீஸைக் குறை சொல்லவேண்டாம். சூடு கூடினால் சீஸின் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கஞ்சித் தண்ணீரில் உள்ள மாவுச்சத்துதான் இடையில் நின்று ஒட்டவிடாமல் தடுக்கும். சூடு அதிகம், கஞ்சி நீர்த்துப்போனது, இரண்டில் ஒன்றுதான் காரணம். இதையும் திருப்பி அனுப்பலாம்.

பீட்சாவின் நடுப்பகுதி ஈரமாகத் தொங்குகிறது. வேகவில்லையோ?

நேப்பிள்ஸ் பாணி என்று மெனுவில் இருந்தால் அது இயல்பு. அந்தப் பீட்சா 430 முதல் 480 டிகிரி வரை சூடான அடுப்பில் 60 முதல் 90 விநாடிதான் இருக்கும். அதற்குள் தக்காளியிலும் மொசரெல்லாவிலும் உள்ள தண்ணீர் வற்றாது. வேகாததைக் கண்டுபிடிக்க விளிம்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கங்கே கருத்த புள்ளிகள் இருக்கணும். பிறகு விளிம்பைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே சிறிதும் பெரிதுமாகக் காற்றறைகள் தெரிந்தால் சரி. வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒரு பட்டை ஓடினால் மாவு சரியாகப் புளித்து எழவில்லை, அல்லது வேகவில்லை.

மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ரோம் பாணி மெல்லிய பீட்சா இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று: இத்தாலிய மொழியில் 'பெப்பெரோனி' என்றால் குடைமிளகாய். காரமான இறைச்சித் துண்டு வேண்டுமென்றால் 'சலாமே பிக்காந்தே' என்று தேடணும்.

நான் சுத்த சைவம். மார்கெரிட்டா சாப்பிடலாம்தானே?

சீஸைப் பொறுத்தது. பாலைத் திரிக்க ரென்னட் சேர்ப்பார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் அது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது, பெகோரினோ ரோமானோவில் ஆட்டுக்குட்டியுடையது. விதியே அப்படி. அதனால் "இறைச்சி இருக்கா?" என்று கேட்டால் சர்வர் உண்மையாகவே இல்லை என்பார். "இந்த சீஸில் விலங்கு ரென்னட்டா, வேறு ரென்னட்டா?" என்று கேளுங்கள். பெஸ்டோ என்கிற துளசிவகை இலைச் சாஸிலும் பார்மிஜானோவும் ஏதாவது ஒரு பெகோரினோவும் வழக்கமாக உண்டு.

புட்டனெஸ்கா என்கிற தக்காளிச் சாஸில் பெரும்பாலும் நெத்திலி கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மினெஸ்ட்ரோனே என்கிற காய்கறி சூப் இறைச்சிச் சாறில் கொதித்திருக்கலாம். பன்னா கோட்டா என்கிற கிரீம் இனிப்பை இறுக்குவது ஜெலட்டின், அது விலங்கிலிருந்து வருவது. முட்டையும் தவிர்ப்பவர் என்றால் திராமிசு வேண்டாம், அதில் முட்டை பச்சையாகவே சேர்வதுண்டு. புதிதாகப் பிசைந்த பாஸ்தாவிலும் பெரும்பாலும் முட்டை உண்டு. உலர் பாஸ்தா வழக்கமாகக் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். பெயரைப் பார்த்து மீன் என்று நினைத்து ஒதுக்கும் பீட்சா மரினாரா, அசல் முறையில் தக்காளி, பூண்டு, ஒரிகனோ, எண்ணெய் மட்டுமே.

ரிசோட்டோவுக்கு இருபது நிமிஷம் ஆகும் என்கிறார்களே, சோம்பேறித்தனமா?

நல்ல அறிகுறி. கார்னரோலி, அர்போரியோ அரிசி வேக 16 முதல் 18 நிமிஷம் ஆகும். ஐந்து நிமிஷத்தில் வந்தால் பாதி வேகவைத்து ஆறவைத்ததை முடித்துத் தருகிறார்கள். பல கடைகள் செய்வதுதான், பக்குவமாகச் செய்தால் குறையில்லை. தட்டை அசைத்தால் அலை மாதிரி பரவணும். குவியலாக நின்றால் காத்துக் கிடந்தது என்று அர்த்தம்.

மீன், சிப்பி பாஸ்தாவுக்குச் சீஸ் கேட்டால் முறைக்கிறார்கள்.

இத்தாலியில் வழக்கம் இல்லை, சீஸின் உப்பு கடல் சுவையை மறைத்துவிடும் என்பார்கள். காசு உங்களுடையது, கேளுங்கள்.

ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் மணமான காளான்) எண்ணெய் போட்ட பாஸ்தாவுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

எண்ணெய்க்கு மட்டும் என்றால் வேண்டாம். பெரும்பாலும் செயற்கை மணம்தான். ட்ரஃபிளை மேசையில் உங்கள் கண்முன் சீவிப்போட்டால் யோசிக்கலாம்.

பெயர்களை எப்படிச் சொல்வது?

சுட்ட ரொட்டித் துண்டு 'புருஷெட்டா' அல்ல, புருஸ்கெட்டா. உருளைக்கிழங்கு உருண்டைகள் ஞொக்கி. ஞ நம்மிடமே இருப்பதால் சுலபம். நாடா மாதிரியான பாஸ்தாவைத் தாலியதெல்லே என்று 'லி'யைப் பட்டும் படாமலும் சொல்லிவிட்டு நகருங்கள்.

மிஞ்சிய பீட்சாவை வீட்டில் சூடாக்கினால் தோல் மாதிரி இழுக்கிறது.

மைக்ரோவேவ் வேண்டாம். காய்ந்த வாணலியை மிதமான தீயில் வைத்து, துண்டை எண்ணெயில்லாமல் இரண்டு நிமிஷம் வையுங்கள். அடி மொறுமொறுத்ததும் துண்டின் மேல் படாமல் ஓரத்தில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு மூடிவிடுங்கள். ஒரு நிமிஷத்தில் ஆவியில் சீஸ் இளகிவிடும்.