மூன்று தலைமுறையும் சேர்ந்து புறப்படும்போது: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வயதான பெற்றோரையோ கைக்குழந்தையையோ அழைத்துச் செல்வது பற்றியவை. அதனால் அவற்றையே எடுத்துக்கொண்டேன். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

துபாயில் இருக்கும் மகன் என்னை அழைக்கிறான். என் பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது, குடும்பப் பெயருக்கான இடம் காலி. இதனால் சிக்கல் வரும் என்கிறார்கள். நான் பத்தாம் வகுப்பும் முடிக்கவில்லை. வயது 63.
– வாசகி, கும்பகோணம்

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டீர்கள், மிகவும் நல்லது. நம் ஊர் வழக்கத்தில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் போதும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, அதை விரித்து எழுத வேண்டும். விரிக்காமலேயே விட்ட பழைய பாஸ்போர்ட்டுகள், குறிப்பாகப் பெண்களுடையவை, நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலாவுக்கோ உறவினரைப் பார்க்கவோ வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அச்சாகியிருந்தால் ஏற்கலாம் என்று சற்றுத் தளர்த்தினார்கள்.

அந்தத் தளர்வை நம்பிப் புறப்பட வேண்டாம் என்பதே என் யோசனை. அதிகாலை மூன்று மணிக்கு, போர்டிங் பாஸ் கொடுக்கும் இடத்தில் நின்று விதியை விளக்கிக்கொண்டிருக்கும் நிலை 63 வயதில் உங்களுக்கு வரக் கூடாது. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, தந்தை பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்துவிடுங்கள். ஆதாரிலும் அதே பெயர், அதே எழுத்துக் கோர்வை இருக்கட்டும். புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் விசாவும் டிக்கெட்டும். இதை இப்போதே செய்துவிட்டால் நாளை வேறு நாட்டுக்குப் போகும்போதும் உதவும். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்று எழுத்துகளைப் போட்டுவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு படிவத்திலும் அது கூடவே வரும்.

படிப்பைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கான குடியேற்றச் சோதனை, வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போகிறவர்களைப் பற்றியது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு அது இல்லை.

பெற்றோரைக் காசிக்கு அழைத்துப் போக வேண்டும். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69, அவருக்கு முழங்கால் வலி. ரயிலா, விமானமா? எந்த மாதம்?
– வாசகர், திருச்சி

மாதத்தை முதலில் முடிவு செய்வோம். ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கை பெருகினால் படித்துறைகள் நீருக்குள் போய்விடும், படகுகளையும் நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் பிற்பாதியும் ஜனவரியும் மூடுபனிக் காலம். ரயில் பல மணி நேரம் தாமதமாகும், விமானம் ரத்தாகும். மே மாத வெயில் முதியவர்களுக்கு ஆகாது. மிஞ்சுவது அக்டோபர் பின்பாதி, நவம்பர், பிப்ரவரி, மார்ச். இவற்றிலும் தீபாவளியையொட்டித் தங்க அன்னபூரணி தரிசனம் கிடைக்கும் சில நாட்களிலும், கார்த்திகைப் பௌர்ணமியன்று படித்துறைகளில் விளக்கேற்றும் தேவ தீபாவளியிலும் கூட்டம் நெரியும். அம்மாவின் முழங்காலை நினைத்து நான் பிப்ரவரி கடைசியையே சொல்வேன், சிவராத்திரி வாரத்தை மட்டும் தவிர்த்து.

ரயிலில் போவதென்றால் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். சென்னையிலிருந்து கங்கா காவேரி விரைவு ரயில் காசி வழியாகப் போகிறது. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாட்களாக இருந்தது. அந்தப் பழைய கணக்கில் இன்னும் பலர் இருக்கிறார்கள். ரயில் டிக்கெட் எடுக்கும் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் உள்ள உங்கள் கணக்கை ஆதாரோடு முன்கூட்டியே இணைத்துவையுங்கள். முன்பதிவு திறக்கிற நாளில், இணைக்காதவர்களால் இணையத்தில் டிக்கெட் எடுக்க முடியாது.

கீழ்ப் படுக்கை விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அந்த வயதுக்காரர் ஒருவரோ இருவரோ மட்டும் ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் அது பொருந்தும். குடும்பம் முழுவதையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் ஒதுக்கீடு கிடைக்காது. அப்பா அம்மா இருவருக்கும் தனி டிக்கெட் எடுங்கள், அதில் முதியோர் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு வேறு டிக்கெட். பெட்டி மாறினால் மாறட்டும், நீங்கள் நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவால் மேல் படுக்கைக்கு ஏற முடியாது. முழங்கால் வலி கடுமையாக இருந்தால் போகும்போது விமானம், திரும்பும்போது ரயில் என்று வைத்துக்கொள்வதும் நல்ல வழி. தரிசனத்துக்கு முன்பே உடல் ஓய்ந்துபோகக் கூடாது.

காசியில் மூன்று இரவாவது தங்குங்கள். கேதார படித்துறை, அனுமான் படித்துறைப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த தெருக்கள் இருக்கின்றன. பாரதியார் இளம் வயதில் வாழ்ந்த சிவமடமும் அங்கேதான். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கும் சிரமமில்லை. அறை பார்க்கும்போது கங்கை தெரிகிறதா என்று கேட்பதற்கு முன், வாசல் வரை ஆட்டோ வருமா என்று கேளுங்கள். படித்துறையையொட்டிய விடுதிகள் பலவற்றுக்குச் சந்துகளில் நடந்து, படியேறித்தான் போக வேண்டும். தசாசுவமேத படித்துறை ஆரத்திக்குக் கூட்டத்தில் நிற்க வைக்காமல், முன்னதாகவே போய் உட்கார இடம் பிடித்துவிடுங்கள். விசுவநாதர் கோயிலுக்குள் கைபேசி அனுமதி இல்லை. ஒருவரை ஒருவர் தவறவிட்டால் எங்கே நிற்பது என்று உள்ளே போகும் முன் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரத்து மணலைப் பிரயாகைத் திரிவேணியில் சேர்த்து, கங்கை நீரோடு மீண்டும் ராமேஸ்வரம் வருவது என்ற முறைப்படி செய்ய நினைத்தால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரம் வரை ரயில் மீண்டும் போகிறது. சில வாரம் கழித்து நிதானமாகப் போகலாம். அங்கே 22 தீர்த்தங்களில் நீராடும்போது பிராகாரமெங்கும் தரை ஈரமாக இருக்கும். அம்மாவின் கையை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

முதல் வெளிநாட்டுப் பயணம். ஆறு நாளில் சிங்கப்பூர், மலேசியா இரண்டையும் பார்க்க ஒரு நிறுவனம் திட்டம் தந்திருக்கிறது. நாங்கள் இருவர், நான்கு வயது மகள், மாமனார், மாமியார். சரியாக இருக்குமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம். ஆறு நாளில் முதல் நாளும் கடைசி நாளும் விமானத்துக்கே போய்விடும். நடுவில் ஒரு நாள் ஜோகூர் எல்லையைக் கடப்பதில் கரையும். பேருந்தில் போனால் மலேசியப் பக்கம் ஒருமுறை, சிங்கப்பூர்ப் பக்கம் ஒருமுறை பெட்டி படுக்கையோடு இறங்கி ஏற வேண்டும். வார இறுதியில் அந்த வரிசை மிக நீளமானது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியார் அதில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு நாடு போதும். நான் மலேசியாவைச் சொல்வேன். இந்தியர்களுக்கு அங்கே 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகையை 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறார்கள். வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும், அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளத்தைக் கண்டால் உடனே வெளியேறுங்கள். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். மகளுடையதைத் தனியாகப் பாருங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்தே ஆண்டுதான் செல்லும்.

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தங்குங்கள். வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில். அங்கிருந்து பத்துமலைக்கு நேராக மின்ரயில் உண்டு. குகைக்கோயிலுக்கு 272 படிகள். ஏற முடியாதவர்கள் கீழே 42.7 மீட்டர் உயர முருகன் சிலையின் அடியில் நின்று கும்பிடலாம், கீழ்த்தளத்தில் ராமாயணக் குகையும் இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் வெயிலும் கூட்டமும் குறைவு. பிறகு ரயிலில் பட்டர்வொர்த் போய், ஃபெர்ரியில் பினாங்கு கடந்து இரண்டு இரவு. பினாங்கு மலைக்கு இழுவை ரயில் இருப்பதால் மாமனாரும் மாமியாரும் நடக்காமலே உச்சிக்குப் போகலாம். சிங்கப்பூரை மகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு பாருங்கள். அவளுக்கும் அப்போதுதான் நினைவில் நிற்கும்.

22 மாதக் குழந்தையோடு லண்டன் போய் மூன்று மாதம் இருக்கப்போகிறோம். குழந்தைக்கு டிக்கெட் எப்படி?
– வாசகர், சேலம்

போகும்போது மடிக் குழந்தை டிக்கெட் போதும். திரும்பும்போது இரண்டு வயது முடிந்திருக்கும், அதனால் தனி இருக்கை வேண்டும். இதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். விமானம் ஏறும்போதும், அதைவிட முக்கியமாக இறங்கும்போதும் பாலோ தண்ணீரோ கொடுங்கள். விழுங்கினால் காது அடைப்பு குறையும். தொட்டில் வேண்டுமென்றால் எடை வரம்பைக் கேளுங்கள். 22 மாதக் குழந்தைக்கு அது பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்.

அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம். நானும் கணவரும் போகிறோம். அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். பொடி, ஊறுகாய், கறிவேப்பிலை எல்லாம் எடுத்துப்போகலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பருப்புப் பொடி, இட்லிப் பொடி, பிரசவ லேகியம் எல்லாம் எடுத்துப்போங்கள். பொட்டலத்தின் மேல் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். சுங்கப் படிவத்திலோ அதிகாரியிடமோ உணவுப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் அதிகபட்சம் ஒன்றை எடுத்துவிடுவார்கள், சொல்லாமல் பிடிபட்டால் அபராதம். பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதியே இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பது காரணம். ஊறுகாயும் தொக்கும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது, பெரிய பெட்டியில் இறுக மூடி வையுங்கள். கொப்பரையை எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். அது எளிதில் தீப்பற்றும் பொருள் என்று விமானத்தில் தடை. வளைகுடா வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ விமானம் மாறினால் கசகசா துளிகூட வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. குருமாவுக்கு அரைத்த மசாலாவில் சேர்த்திருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்சுலின் கட்டாயம் கைப்பையில்தான். சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் அது பயனற்றுப் போகும். மருந்தின் மூலப்பெயரோடு மருத்துவரின் சீட்டையும், ஊசிகளுக்கு ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கே போகும்போது பகல் நீளும். எந்த வேளை எவ்வளவு போடுவது என்று புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட்டோடு கேட்டுவிடுங்கள். நடக்க முடிகிறவர் என்றாலும் அந்தப் பெரிய விமான நிலையங்களில் அது வேண்டும், கூச்சப்பட ஒன்றுமில்லை. பயணக் காப்பீட்டில் சர்க்கரை நோயை மறைக்காதீர்கள். முன்பே இருக்கும் நோய்க்கும் பாதுகாப்பு தரும் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள், விலை சற்றுக் கூடினாலும். அங்கே ஒரு நாள் மருத்துவமனைச் செலவு நம் சேமிப்பையே கரைத்துவிடும்.

மே மாதம் ஊட்டி மலை ரயிலில் குழந்தைகளை ஏற்ற ஆசை. டிக்கெட்டே கிடைப்பதில்லையே?
– வாசகர், விழுப்புரம்

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் ரயிலுக்குத்தான் அவ்வளவு போட்டி. பல்சக்கரத் தண்டவாளத்தில் நீராவி என்ஜின் தள்ளிக்கொண்டு போகும் கல்லாறு–குன்னூர் பகுதி அதில்தான் வருகிறது. கிடைக்காவிட்டால் மதியம் ஊட்டியிலிருந்து கீழே இறங்கும் ரயிலைப் பாருங்கள். அதே பாதை, நேரமும் குறைவு, ஏறும்போது ஆகும் ஐந்து மணி நேரத்தில் சலிக்கும் சிறு குழந்தைகளுக்கு அதுவே மேல். அதுவும் இல்லையென்றால் குன்னூர்–ஊட்டி ரயில்கள் நாளுக்குப் பல முறை ஓடுகின்றன. சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் கட்டாயம், கோடையில் நாளுக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள். அரசு பஸ்ஸுக்கு அது தேவையில்லை. மே மாதத்தையே ஜூன் முதல் வாரத்துக்குத் தள்ள முடியுமானால் தள்ளுங்கள்.

கணவர் குவைத்தில். நான் மட்டும் இரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இலங்கை போகலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

தாராளமாக. உங்கள் பெயருக்குப் பின்னால் உங்கள் தந்தை பெயரும், பிள்ளைகளுக்குப் பின்னால் கணவர் பெயரும் இருந்தால் அதிகாரி உறவு என்ன என்று கேட்கக்கூடும். பிறப்புச் சான்றிதழ் நகலையும் கணவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்தே காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது. கடல் கொந்தளிக்கும் மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதால், ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொண்டு விடுதிக்குப் பணம் கட்டுங்கள்.

ஏழு வயது மகனோடு லடாக் போகிறோம். விமானத்தில் லே இறங்கி, மறுநாளே பாங்காங் ஏரி. சரிதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

மறுநாளே கூடாது. லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் அதிகம். பாங்காங் 4,200 மீட்டரையும் தாண்டியது, போகிற வழியில் கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. முதல் இரண்டு நாள் முழுவதும் லேயிலேயே ஓய்வு, ஓடியாட விடாதீர்கள். பிள்ளைகளுக்குத் தலைவலியைச் சரியாகச் சொல்லத் தெரியாது. சாப்பிட மறுப்பது, காரணமில்லாத அழுகை, வாந்தி, தூக்கமின்மை ஆகியவற்றைக் கவனியுங்கள். இவை கூடினால் ஏரியை மறந்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள், உயரம் குறைந்த இடத்துக்கு இறங்குவதே முதல் மருந்து. விடுப்பு கூடுதலாகக் கிடைத்தால் ஸ்ரீநகர், கார்கில் வழியாகச் சாலையில் ஏறுங்கள், உடல் மெல்லப் பழகும். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. புறப்படும் முன் உங்களில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள்.