ஓட்டு, சந்தா, லயத்து ரோடு: மலையகத்துக் கேள்விகள்

பொகவந்தலாவை: அக்கா, யார் வந்தாலும் லயம் லயமாத்தான் இருக்கு. எதுக்கு ஓட்டு போடணும்?

தோட்டத்து வரிசை வீடான லயம் மாறவில்லை என்ற கோபம் நியாயம்தான் தம்பி. ஆனால் ஓட்டு இல்லாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நம் ஆட்கள் அனுபவித்துவிட்டார்கள். 1947 தேர்தலில் நம் ஆட்களின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் பல இடங்களை எடுத்தது, அடுத்த வருஷமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது, 1949இல் ஓட்டும் பறிபோனது. 1964இல் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் கையெழுத்துப் போட்டபோது, போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டில்லாத ஆளுக்கு யார் பதில் சொல்லப் போகிறார்கள்? மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

கொட்டகலை: புள்ளடி எத்தனை போடலாம்?

பாராளுமன்றத் தேர்தல் என்றால் முதலில் கட்சிக்கு ஒன்று, அப்புறம் அதே கட்சியில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு. கட்சியை விட்டுவிட்டு வேட்பாளர் எண்களுக்கு மட்டும் புள்ளடி (X) போட்டால் சீட்டே செல்லாது, இதை வீட்டுப் பெரியவர்களுக்குத் தயவுசெய்து சொல்லிக்கொடுங்கள். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று வரிசை போடலாம். 2024இல் முதல் தடவையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது, அங்கே அந்த 2, 3 கணக்கில் வந்தது.

ஹட்டன்: சந்தா கட்டுற தொழிற்சங்கம் சொல்ற பக்கம்தான் போடணுமா?

இல்லை. சந்தா சம்பளப் பேச்சுக்கு, ஓட்டு உங்களுடையது. எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று எந்தத் தலைவராலும் கண்டுபிடிக்க முடியாது.

மஸ்கெலியா: ஓட்டுப் போடத் தோட்டத்துத் துரை (மேனேஜர்) லீவு தராவிட்டா?

எழுத்தில் கேளுங்கள். சம்பளம் வெட்டாமல் குறைந்தது 4 மணித்தியாலம் கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம்.

நோர்வூட்: எங்க ரோடு உடைஞ்சு கிடக்கு. பிரதேச சபைக்குப் போனா தோட்டத்தைக் கேளுங்கறாங்க, தோட்டத்துக்குப் போனா சபையைக் கேளுங்கறாங்க.

எனக்கு மிகவும் வலிக்கிற கேள்வி இது. ஓட்டு வாங்கிய சபையே, தோட்டம் தனியார் நிலம், அங்கே காசு செலவழிக்க 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் விடாது என்று பல வருஷம் கைவிரித்தது. அந்தச் சட்டத்தை 2018இல் திருத்தித் தோட்டத்துக்குள்ளும் வேலை செய்ய வழி திறந்தார்கள், ஆகவே அந்தப் பழைய பதிலை இனி ஏற்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. இந்த ரோட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், யாருக்குக் கொந்தராத்து (ஒப்பந்தம்) என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவார்களா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்குத் துண்டு (ரசீது) வாங்காமல் மட்டும் திரும்பி வராதீர்கள்.